டெஸ்: மங்கலான விண்மீனில் டிரான்சிட் ஆழம் செக்டருக்குச் செக்டர் மாறுகிறதே?

கயல்200
நாசாவின் டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் ஒரு டிரான்சிட்டை (கோள் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது ஒளி குறைவது) அளக்கிறேன். டெஸ் பொலிவெண் 15 (எண் கூடினால் மங்கல்) உள்ள சிவப்புக் குள்ள விண்மீன். 200 விநாடி முழுப்படங்களை டெஸ்கட்டில் (படத்தை வெட்டித் தரும் சேவை) 15×15 பிக்சலாக வெட்டி, லைட்கர்வ் என்ற பைத்தான் தொகுப்பில் 3×3 அபெர்ச்சர் (ஒளியைக் கூட்டும் பிக்சல் கட்டம்) வைத்திருக்கிறேன். பின்னணிக்கு ஓரப் பிக்சல்களின் மீடியனைக் கழிக்கிறேன். பிறகு டிஃபால்ட் ஃபிளாட்டன் (மெதுவான ஒளி ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கட்டளை). டிரான்சிட் சுமார் 2 மணி நேரம்; ஆழம் ஒரு செக்டரில் (டெஸ் ஒரே வான்பகுதியைத் தொடர்ந்து பார்க்கும் காலம்) 1.1%, அடுத்ததில் 0.6%. 25 வில்விநாடி தள்ளி 13.5 பொலிவெண்ணில் ஒரு விண்மீன் உண்டு. எங்கிருந்து தொடங்கலாம்?

பிக்சல்பித்தன்
முதலில் அபெர்ச்சர். 15 பொலிவெண் என்றால் விண்மீன் ஒளியால் கேமராவில் பதிவாவது விநாடிக்கு 150 எலெக்ட்ரான்தான். இருண்ட வானம்கூட ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 100 தரும். 3×3 வைத்தால் பின்னணி மட்டும் 900! 2×2 வையுங்கள், விண்மீன் ஒளி கொஞ்சம் வெளியே போனாலும் இரைச்சல் அதைவிட அதிகமாகக் குறையும்.

மீடியன் கழிப்பது போதாது. பூமி, நிலவின் சிதறொளி படம் முழுக்க ஒரே சீராக விழுவதில்லை. அபெர்ச்சருக்கு வெளியே உள்ள பிக்சல்களில் பிசிஏ (பொதுவான மாற்றங்களைப் பிரித்தெடுக்கும் முறை) போட்டு 5 கூறுகளும் ஒரு மாறிலியும் எடுத்து, அவற்றைக் கொண்டு சிதறொளி மாடலைப் பொருத்தும் லைட்கர்வின் ரெக்ரெஷன் கரெக்டருக்குக் கொடுங்கள். டிரான்சிட் நேரங்களை மாஸ்க் செய்ய (பொருத்தலில் சேர்க்காமல் ஒதுக்க) மறக்க வேண்டாம், இல்லையென்றால் மாடல் அதையும் சேர்த்து விழுங்கும். மாடலிலிருந்து அதன் 5ஆம் சதமானத்தைக் கழித்த பிறகே மாடலை ஃபிளக்ஸிலிருந்து (அளந்த ஒளி அளவு) நீக்க வேண்டும். அதை விட்டால் அடிமட்டம் தவறி, சதவீத ஆழமே பொய்யாகிவிடும்.

வானளப்பான்
ஃபிளாட்டன் டிஃபால்ட்தான் எனக்கு உறுத்துகிறது. அது ஒரு நேரத்தில் எடுத்துச் சமன் செய்யும் விண்டோ 101 புள்ளிகள். 30 நிமிடப் படங்களில் அது இரண்டு நாளுக்கு மேல். 200 விநாடியில் வெறும் 5.6 மணி. 2 மணி நேர டிரான்சிட்டை அது கரைக்கத்தான் செய்யும். 401 போடுங்கள் (ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும்), மாஸ்க்கும் கொடுங்கள்.

ஆனால் செக்டர் வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் பக்கத்து விண்மீனாகத்தான் இருக்கும். டெஸ் பிக்சல் 21 வில்விநாடி. 25 என்பது பக்கத்துப் பிக்சல். அது உங்களுடையதைப் போல 4 மடங்கு பிரகாசம். அதன் ஒளி முழுதும் உள்ளே வந்தால் 2% ஆழம் 0.4% ஆகிவிடும். செக்டர் மாறும்போது கேமரா திரும்புகிறது, விண்மீன் பிக்சலின் வேறு மூலையில் விழுகிறது, கலப்பும் மாறுகிறது. டெஸ்கட் இதைத் திருத்தித் தராது. கையா விண்மீன் அட்டவணையின் 3ஆம் வெளியீடு தரும் இடங்களைப் பூட்டி வைத்து இரண்டுக்கும் சேர்த்து பிஎஸ்எஃப் (ஒரு விண்மீனின் ஒளி பிக்சல்களில் பரவும் வடிவம்) பொருத்துங்கள். டிஜிஎல்சி என்ற மென்பொருள் அதைத்தான் செய்கிறது.

கயல்200
அப்படியானால் 1.1%தான் உண்மைக்கு நெருக்கமா?

வானளப்பான்
அவசரப்பட வேண்டாம். அந்தப் பக்கத்து விண்மீனே ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீனாக இருக்கலாம். அபெர்ச்சரை அதன் பக்கம் ஒரு பிக்சல் நகர்த்துங்கள். நகர்த்தியதும் எலெக்ட்ரான் கணக்கில் ஆழம் கூடினால் சிக்னல் அதனுடையது. சதவீதத்தை வைத்துப் பார்க்காதீர்கள், கலப்பு ஏமாற்றும். டிரான்சிட்டுக்கு வெளியே உள்ள சராசரிப் படத்திலிருந்து உள்ளே உள்ளதைக் கழித்து, எந்தப் பிக்சல் மிச்சமாக ஒளிர்கிறது என்றும் பாருங்கள். இந்தப் பொலிவெண்ணில் எல்லா டிரான்சிட்டையும் அடுக்கினால்தான் அது தெரியும்.