மணிலாவில் (நிலக்கடலையில்) வேர் முடிச்சு குறைகிறது: மருந்துதான் காரணமா?

குறிஞ்சிப்பாடி விவசாயி:
வணக்கம். குறிஞ்சிப்பாடி அருகே இரண்டு ஏக்கர் செம்மண்ணில் மணிலாவும் கத்தரியும் மாற்றி மாற்றிப் பயிரிடுகிறேன். கத்தரியில் காய்ப்புழுவுக்காக அடிக்கடி மருந்து தெளிக்கிறேன். நாற்றங்காலில் கார்போபியூரான் என்ற பூச்சிக்கொல்லிக் குருணையும் இட்டதுண்டு. மணிலா விதையில் கார்பன்டாசிம் என்ற பூஞ்சணக்கொல்லியையும், வேர் முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா உயிர் உரத்தையும் ஒரே நாளில் கலந்து விதைத்தேன். இப்போது செடியைப் பிடுங்கினால் வேர் முடிச்சுகள் விரல்விட்டு எண்ணும் அளவே உள்ளன. வயலில் மண்புழுவைக் காண்பதே அரிது. ஆனால் வேலியோரப் பலா மரத்தடியில் ஒரு மண்வெட்டி மண்ணிலேயே ஐந்தாறு நெளிகின்றன. தெளித்த மருந்தெல்லாம் சேர்ந்து மண்ணைக் கெடுத்துவிட்டது என்று கொள்ளலாமா?

பாகூர் நெல்வயல்:
பலா மரத்தடியை வயலோடு ஒப்பிடுவது சரியாகாது, ஐயா. அங்கே உழவில்லை, நிழல் உண்டு, ஆண்டு முழுவதும் சருகு விழுகிறது. மருந்தே தெளிக்காத வயலிலும், நான்கு முறை உழுது வெயிலில் காயவிட்டால், புழு குறையத்தான் செய்யும்.

விருத்தாசலத்தார் (ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்):
மேலே சொன்னது உண்மை. ஆனாலும் மருந்துகளை முழுமையாக விடுவித்துவிட முடியாது. 'மருந்து' என்று பொதுவாகச் சொல்லாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கார்போபியூரான், கார்பன்டாசிம் இரண்டும் மண்புழுவுக்கு நஞ்சு என்பது நன்கு அறியப்பட்டது. மாறாக, பல களைக்கொல்லிகளைப் பரிந்துரைத்த அளவில் இட்டால் நுண்ணுயிர்களின் சுவாசம் சிறிது காலம் தாழ்ந்து பிறகு மீள்வதே வழக்கம். அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மட்டும் மற்றவற்றைவிட எளிதில் பாதிக்கப்படுபவை.

உங்கள் முடிச்சுக் குறைவுக்கு நான் முதலில் சந்தேகிப்பது விதை நேர்த்தியைத்தான். பூஞ்சணக்கொல்லியும் ரைசோபியமும் ஒரே நேரத்தில் விதையின் மேல் படியும்போது, உயிர் உரம் மண்ணைத் தொடுமுன்பே நலிகிறது. பூஞ்சணக்கொல்லி கலந்து 24 மணி நேரம் கழித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்துப் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். நோய்ப் பூஞ்சைகளைக் கட்டுப்படுத்த இடும் டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான் என்பதால் அதைக் கார்பன்டாசிமோடு சேர்க்கவே கூடாது.

இன்னொன்று: மணற்பாங்கான செம்மண்ணில் மட்கு குறைவு. மட்கு நஞ்சைப் பற்றி வைத்துக்கொள்ளும். அது இல்லாத இடத்தில் அதே அளவு மருந்து உயிர்களை நேரடியாகத் தாக்கும். தொழு உரம் இடுவதற்கு இதுவும் ஒரு காரணம். குருணையை ஒரே நிலத்தில் திரும்பத் திரும்ப இட்டால், அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெருகி, மருந்தே வேலை செய்யாமல் போவதும் உண்டு. கடைக்காரர் அதற்கும் அளவைக் கூட்டச் சொல்வார், கேட்காதீர்கள்.

முடிச்சுகளை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) நிலைநிறுத்துகின்றன. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை.

குறிஞ்சிப்பாடி விவசாயி:
மிக்க நன்றி, ஐயா. பத்துச் செடிகளைப் பிடுங்கிக் கீறினேன். முடிச்சுகள் குறைவுதான், ஆனால் பெரும்பாலானவை சிவப்பாகவே உள்ளன. அடுத்த பட்டத்தில் பாதி நிலத்துக்குப் பூஞ்சணக்கொல்லியே இல்லாமல் ரைசோபியம் மட்டும் கலந்து விதைக்கலாமா?

விருத்தாசலத்தார்:
விதைக்கலாம். ஆனால் கழுத்தழுகல் என்ற பூஞ்சண நோய் அந்தப் பாதியில் வந்தால் செடி எண்ணிக்கை குறையும். எனவே பாதி வேண்டாம், நான்கு பாத்திகள் போதும். அருகிலேயே 24 மணி நேர இடைவெளி விட்டு நேர்த்தி செய்த விதைக்கும் நான்கு பாத்திகள் ஒதுக்கி, பூக்கும் பருவத்தில் இரண்டிலும் முடிச்சுகளை எண்ணிப் பாருங்கள்.