ஆஸ்கார் பரிந்துரை: மக்கள் கொண்டாடிய படத்துக்கு ஏன் இடமில்லை?

அரங்கவாசி: 2008-ல் உலகத்திலேயே அதிகம் வசூலித்த படம் 'தி டார்க் நைட்'. அமெரிக்காவில் மட்டும் 53 கோடி டாலர். எட்டுப் பரிந்துரை வாங்கிச்சு, சிறந்த படத்துக்கு மட்டும் கிடையாது. அதைவிட வசூல் ரொம்பக் குறைந்த 'தி ரீடர்' அந்தப் பட்டியலுக்கு உள்ளே. ஓட்டுப் போடுறவங்களுக்கு மக்கள் ரசனை மேல மதிப்பே இல்லை.

வாக்குச்சீட்டு: மதிப்பு இல்லாம இல்லைங்க, எண்ணும் முறை அப்படி. ஆஸ்கார் தர்ற அகாடமியின் உறுப்பினர் படங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி எழுதணும். 6,000 சீட்டு வந்ததா வைத்துக்கொள்வோம். ஐந்து இடம் என்றால் அதோட ஒண்ணு சேர்த்து ஆறால் வகுத்து, ஒன்று கூட்டணும்: பட்டியலில் நுழைய 1,001 ஓட்டு தேவை. முதலிட ஓட்டு குறைந்த படம் வெளியே போய், அந்தச் சீட்டு அடுத்த பெயருக்கு மாறும். 5,000 பேர் நாலாவதா எழுதிய படமும், முதலிட ஓட்டு இல்லாவிட்டால் ஆரம்பச் சுற்றிலேயே காலி. சிலருக்கு உயிரான சின்னப் படம் தப்பிக்கும்.

அரங்கவாசி: அதனாலதானே 2009-ல் பத்து இடமாக்கினாங்க?

வாக்குச்சீட்டு: ஆமா. பத்து என்றால் 546 போதும். உடனே 'அவதார்', 'அப்', 'டிஸ்ட்ரிக்ட் 9' மூணும் நுழைந்தன. 2011-ல் முதலிட ஓட்டில் 5 சதவீதம் வேணும் என்று விதி போட்டு, ஐந்து முதல் பத்து வரை என்றாக்கினார்கள். 2022 விழாவிலிருந்து மறுபடியும் பத்து.

அரங்கவாசி: பத்து வந்தும் 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் பரிந்துரை ஒண்ணுதான்!

எடிட்டிங் மேசை: அதில் என்ன தப்பு? ஓடின படத்துக்கு வசூல் இருக்கு. இது தொழில்காரங்க போடும் ஓட்டு. எடிட்டிங்குக்கு எடிட்டர்கள்தான் பரிந்துரைக்கிறார்கள். சிறந்த படத்துக்கு மட்டும்தான் எல்லாரும். மக்கள் ஓட்டையும் 2022-ல் பார்த்தாச்சு. ரசிகர்களுக்குப் பிடித்த படத்தைத் தனியா தேர்ந்தெடுக்க, ட்விட்டரில் நாளுக்கு 20 ஓட்டு வரை போடலாம் என்றார்கள். ஜெயித்தது 'ஆர்மி ஆஃப் த டெட்'. அங்கே வென்றது கட்டுக்கோப்பான ரசிகர் படை, பொதுமக்கள் இல்லை.

அரங்கவாசி: அது நடத்திய விதத்தின் கோளாறு. 'டைட்டானிக்' ஜெயித்த 1998 விழாவை அமெரிக்காவில் 5.5 கோடிப் பேர் பார்த்தாங்க. 2021-ல் ஒரு கோடி சொச்சம். அகாடமி வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஒளிபரப்பு உரிமைதான். பார்க்கிறவங்களை விட்டுட்டா யாருக்கு நஷ்டம்?

வாக்குச்சீட்டு: 2021 கொரோனா வருஷம், அதை அளவுகோலாக்க வேண்டாம். 2023-ல் 'டாப் கன்: மேவரிக்', 'அவதார்' இரண்டாம் பாகம் ரெண்டுமே பட்டியலில் இருந்தன, பார்த்தவர்கள் 1.87 கோடி. கூடியது, ஆனா பழைய உயரம் வரலை. சிக்கல் பரிந்துரைச் சுற்றில்தான். வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது பாதிக்கு மேல் சேரும்வரை சீட்டுகள் மாறுவதால் பலருக்கும் பிடித்த படம் மிஞ்சும். முதல் கட்டத்தில் ரெண்டாம், மூணாம் இடத்துக்கும் புள்ளி கொடுத்தால் வெகுஜனப் படம் பிழைக்கும்.

எடிட்டிங் மேசை: புள்ளி முறை வந்தால், தன் படத்துக்குப் போட்டியா நிற்கும் படத்தின் பெயரையே எழுதாம விட்டுடுவாங்க. அடி வாங்கப்போறது எல்லாரும் பயப்படுற அந்தப் பெரிய படம்தான்.