புதுப்பிப்பு: மஞ்சள் புரூசைட்டைக் கழுவுவது

பலுசிஸ்தானின் கில்லா சைஃபுல்லா பகுதியிலிருந்து வரும் எலுமிச்சை மஞ்சள் புரூசைட் என்ற கனிமம் பற்றிய என் முந்தைய இழையில், வினிகரில் ஊறவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். இது மக்னீசியம் ஹைட்ராக்சைடு; அமிலத்தில் நுரைக்காமலே கரையும். நுரை காணோமே என்று விட்டுவைத்தால் மேற்பரப்பின் பளபளப்பு போய்விடும், திரும்ப வராது.

தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவுகோலில் இது 2.5 முதல் 3 வரைதான். ஊசியால் நெம்பினால் தகடு தகடாகப் பிளக்கும். கழுவியதும் நிழலில் நன்றாக உலர்த்தி, மூடிய பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் நாளடைவில் வெண்படலம் படியலாம்.

உங்களிடம் இருப்பது கால்சைட்டோ (கால்சியம் கார்பனேட் கனிமம்) என்ற சந்தேகமா? உதிர்ந்த துணுக்கில் மட்டும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். பொங்கினால் கால்சைட்.