கூடத்தில் மான் தலைகள், நெல் அறையில் 10 மீட்டர் சுடும் ரேஞ்ச்: இரண்டையும் ஒரே அறையில் வைக்கலாமா?

குடமுருட்டி:
பாபநாசம் தாலுகாவில் பழைய கட்டுவீடு. ரேழி, முற்றம், கூடம், அதைத் தாண்டி முன்பு நெல் மூட்டை அடுக்கிய நீள அறை. உள்ளளவு 48 அடிக்கு 14 அடி, மேலே மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல், சுண்ணாம்புத் தளம்), சுவர் சுண்ணாம்புக் காரை. கூடத்தில் ஒரு காட்டுமாட்டுத் தலை, இரண்டு கடமான் தலை, மூன்று ஜோடி புள்ளிமான் கொம்பு. பெட்டியில் ஒரு புலித்தோல். எல்லாம் தாத்தா காலத்து வேட்டை, 1972க்கு முந்தையது. உரிமைச் சான்று அப்பா பெயரில். அவர் காலமாகி 50 நாள் ஆகிறது. சான்றில் புள்ளிமான் கொம்பு இரண்டு ஜோடிதான் இருக்கிறது.

மகன் பள்ளியில் ஏர் ரைஃபிள் சுடுகிறான். நெல் அறையைப் பூசி, தலைகளை அங்கே மாட்டி, அதே அறையில் 10 மீட்டர் ரேஞ்ச் போடலாம் என்று எண்ணம். அப்பாவின் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கியையும் அங்கே எப்போதாவது சுட்டுப் பார்க்கலாமா? பின்தடுப்பு எப்படிக் கட்டுவது? ஐப்பசி, கார்த்திகையில் தலைகளில் பூஞ்சை பிடிக்கிறது, அதற்கு என்ன வழி?

அரசலாறு:
பூச்சு வேலை காத்திருக்கட்டும், முதலில் காகிதம். வாரிசாக வந்த வனவிலங்குப் பொருளை 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும் (1972 சட்டம், பிரிவு 40). உங்களிடம் 40 நாள்தான் மிச்சம். மாவட்ட வன அலுவலகம் வழியாகக் கொடுங்கள். பழைய சான்றின் நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஒவ்வொரு பொருளுக்கும் முன், பின், அடையாளக் குறி தெரிகிற படம். வாரிசுச் சான்று தாமதமானால் அதற்கு விண்ணப்பித்த ரசீதை வைத்தாவது கெடுவுக்குள் அறிவித்துவிடுங்கள்.

மூன்றாவது ஜோடிக் கொம்பை மற்றதோடு சேர்த்து மழுப்ப வேண்டாம். வக்கீலை வைத்து, இது சான்றில் இல்லை என்று எழுத்திலேயே சொல்லுங்கள். அதிகாரி வந்து எண்ணும்போது தெரியவந்தால் கதை வேறு. சான்று உள்ள பொருளே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது: 2022 திருத்தத்தில் வந்த 42ஏ பிரிவின்படி ஏழு வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து அரசிடம் ஒப்படைக்கலாம். இழப்பீடு கிடையாது. விற்கவோ, கைமாற்றிக் காசு வாங்கவோ சான்று உள்ளவருக்கும் உரிமை இல்லை. சுவர் நிறைய வேண்டும் என்று பழம்பொருள் கடையில் ஒரு தலை வாங்கி மாட்டுவதும் குற்றம்தான்.

12 போர்: உரிமம் அப்பாவோடு முடிந்தது. துப்பாக்கி இன்னும் வீட்டில் இருந்தால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ உடனே ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். உங்கள் பெயரில் உரிமம் கிடைத்த பிறகும் வீட்டுக்குள் சுடும் பேச்சே வேண்டாம். வெடிமருந்துத் துப்பாக்கிக்கான ரேஞ்சுக்குத் தனி உரிமம் வேண்டும். காற்றோட்டச் செலவே வீட்டு விலைக்கு வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிதான், வாரிசாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். 4.5 மி.மீ. விட்டமும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கித்தான்:
ரேஞ்ச் பற்றி மட்டும் சொல்கிறேன். 48 அடி தாராளம். சுடும் கோட்டிலிருந்து இலக்கு அட்டை வரை 10 மீட்டர், அதாவது 32 அடி 10 அங்குலம். அட்டைக்குப் பின்னால் நாலடி, சுடுபவருக்குப் பின்னால் பத்தடி மிஞ்சும். இலக்கின் மையம், சுடுபவர் நிற்கும் தரையிலிருந்து 1.40 மீட்டர். பழைய தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும், ட்யூப் லெவல் (தண்ணீர்க் குழாய் மட்டம்) வைத்துப் பாருங்கள்.

குண்டைப் பிடிக்கும் பெட்டி: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, 3 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) தகடு. உள்ளே பின்தகடு 45 டிகிரி சாய்வு. மேல் விளிம்பு சுடுபவர் பக்கம் வர வேண்டும், அப்போதுதான் குண்டு நசுங்கிக் கீழே தட்டில் விழும். வெல்டிங் பட்டறையில் இதைத் தலைகீழாகப் பற்றவைத்துத் தருவார்கள், கூடவே நில்லுங்கள். போட்டி ரைஃபிளில் அரை கிராம் ஈயக் குண்டு நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் வரும், ஏழெட்டு ஜூல். அதற்கு இந்தத் தகடு போதும். எஃகு உருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம், அது நசுங்காமல் திரும்பி முகத்துக்கு வரும்.

தவறும் குண்டுக்காகப் பெட்டிக்குப் பின்னால் 6 அடிக்கு 6 அடி, 18 மி.மீ. பிளைவுட். அதற்கு ஒரு சாண் முன்னால் தடித்த கித்தானைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். இழுத்துக் கட்டினால் முரசுத் தோல்போல் குண்டைத் திருப்பி அனுப்பும். தளர்வாக இருந்தால் அதிலேயே வேகம் செத்துவிடும், துளைத்துப் போனது பலகையில் பட்டுத் திரும்பினாலும் கித்தானில் மாட்டும். சுடும் பாதையில் மரத்தூண், கல்தூண் இருந்தால் அதையும் மூடுங்கள். வளைந்த பரப்பில் பட்ட குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கொல்லைப் பக்கக் கதவுதான் இந்த மாதிரி வீடுகளில் பெரிய ஆபத்து. பால்காரர் முதல் தேங்காய் பறிக்கிறவர் வரை அந்த வழியாகத்தான் வருவார்கள். சுடும் கோட்டுக்கு முன்னால் உள்ள ஒவ்வொரு கதவுக்கும் ஜன்னலுக்கும் உட்பக்கத் தாழ்ப்பாள். தாழ் போட்ட பிறகுதான் ரைஃபிள் பெட்டியைத் திறப்பது.

வெளிச்சம்: அட்டையில் குறைந்தது 1500 லக்ஸ் (வெளிச்ச அளவு). குறுகிய கோணத்தில் விழும் 12 வாட் எல்.ஈ.டி. ஸ்பாட் ஒன்று ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் அதைத் தாண்டிவிடும். விளக்குக்கு முன் ஒரு தகட்டுத் துண்டு மறைப்பு. விளக்கின் டிரைவர் (உள்ளிருக்கும் மின்சுற்று) மலிவானதானால் வோல்டேஜ் இறங்கும்போது மினுக்கும், கண் பூத்துப்போகும்.

குடமுருட்டி:
நன்றி சார், துப்பாக்கியை நாளைக்கே கொடுத்துவிடுகிறேன். தலைகளைப் பக்கச் சுவரில், சுடும் கோட்டுக்குப் பின்னால் மாட்டினால்கூடத் தப்பா?

வேப்பம்பூ:
தப்புதான் தம்பி. ரேஞ்சில் ஈயத் தூசி பறக்கும், முடியில் படியும். சுவரைத் துடைக்கலாம், மான் முடியை ஈரத்துணியால் துடைக்க முடியாது. படிகாரத்தில் பதப்படுத்திய தோலில் ஈரம் பட்டால் படிகாரம் கரைந்து தோல் விறைத்து வெடிக்கும். அடுத்தது வெளிச்சம். அட்டைக்கு 1500 லக்ஸ் கேட்கிறது, முடிக்கும் தோலுக்கும் 50 லக்ஸுக்கு மேல் போனால் நிறம் வெளுக்கும். மூன்றாவது, அந்தக் காலத்துத் தலைகளுக்கு உள்ளே பூச்சி வராமல் ஆர்செனிக் கலந்த சோப்பு தடவுவார்கள். தென்னிந்தியத் தலைகளில் பல மைசூர் வான் இங்கன் பட்டறை வேலை. பலகையின் பின்னால் அவர்கள் பெயரோ எண்ணோ இருக்கிறதா பாருங்கள், இருந்தால் படம் எடுத்து விண்ணப்பத்தோடு வைக்கலாம். யார் வேலையானாலும் ஆர்செனிக் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடுங்கள்: நைட்ரைல் கையுறை, என்95 முகமூடி. பிள்ளை பயிற்சி செய்யும் அறையில் அது எதற்கு?

தலைகளுக்கு ஏற்ற இடம் காமரா உள். நான்கு பக்கமும் உள்சுவர், ஒரே கதவு. கூடத்தில் முற்றம் திறந்து கிடக்கும்போது ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்தால் வானத்தையே உலர்த்தப் பார்க்கிற மாதிரி. காமரா உள்ளுக்கு ரப்பர் பீடிங் வைத்த கதவு போட்டு, நாளைக்கு 12 லிட்டர் இழுக்கும் இயந்திரம் ஒன்று, தண்ணீர் வெளியேறத் தனிக்குழாய். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்தில் நிற்கட்டும். 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைதான். மழைக்கு மட்டும் போட்டு வெயிலில் நிறுத்தினால் தோல் சுருங்கி விரிந்து கண்ணோரம் தையல் பிரியும், ஆண்டு முழுக்க ஓடட்டும்.

சுவருக்குச் சிமெண்ட் பூச்சு வேண்டாம், காமரா உள்ளானாலும் நெல் அறையானாலும். சுண்ணாம்புச் சுவரில் தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்துப் பூச்சே கழன்று விழும். சுண்ணாம்பே பூசுங்கள்.

மாட்டும் முறை: காரைச் சுவரில் ராவல் பிளக் (திருகாணிக்காகத் துளையில் செருகும் உறை) பிடிக்காது, காட்டுமாட்டுத் தலை ஒரு நாள் இராத்திரி இறங்கிவிடும். தேக்குச் சட்டம் ஒன்றை நீளவாட்டில் அறுத்து (அறுப்பு 45 டிகிரி), ஒரு பாதியைச் சுவரை ஊடுருவும் நாலு போல்ட்டில் முடுக்கி, மறுபாதியைத் தலையின் பலகையில் திருகி, மேலிருந்து கொளுவுங்கள். பலகைக்கும் சுவருக்கும் ஓர் அங்குல இடைவெளி இருக்கட்டும், கரையான் ஏறினால் மண்கோடு கண்ணில் படும்.

பூச்சிக்கு வேப்பிலை செருகுவது நம் பக்கத்து வழக்கம். காய்ந்த இலையே பூச்சிக்கு இரை, செருகாதீர்கள். தலைக்கு நேர் கீழே வெள்ளைத் தாள் விரித்து மாதம் ஒருமுறை பாருங்கள். முடித்துணுக்கு, மணல்போன்ற எச்சம், புழுவின் உரிந்த தோல் கிடந்தால் வேலை தொடங்கிவிட்டது. கொம்பு தனியாக இருந்தால் இரட்டைப் பாலித்தீனில் காற்றை நெருக்கிக் கட்டி, மைனஸ் 18ல் இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் வியர்க்கும். பெரிய தலைக்கு அருங்காட்சியகப் பாதுகாப்பாளரைத்தான் கேட்க வேண்டும். கொம்பில் தேங்காயெண்ணெய் தடவாதீர்கள், பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். புலித்தோலைப் பெட்டியில் மடித்து வைத்திருந்தால் இன்றே எடுங்கள், மடிப்பில்தான் வெடிக்கும். ஆறங்குல பி.வி.சி. குழாயில் கோராத் துணி சுற்றி, முடி வெளிப்பக்கம் வர உருட்டி வையுங்கள். ஏற்கெனவே விறைத்திருந்தால் வலுவில் உருட்டாமல் தட்டையாகவே வையுங்கள்.

கித்தான்:
ஈயம் பற்றி விட்டுப்போனது. நெல் அறையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணிதான். எக்ஸாஸ்ட் ஃபேன் அட்டைப் பக்கச் சுவரில் உயரமாக, காற்று சுடுபவரின் முதுகிலிருந்து அட்டை நோக்கிப் போக வேண்டும். சீலிங் ஃபேனைச் சுடும்போது நிறுத்துங்கள். தட்டில் சேரும் நசுங்கல்களை மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பூட்டி வையுங்கள். பையன் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கைத் தொடக் கூடாது.

நம் ஊர் ஈரத்தில் குண்டு டப்பாவிலேயே வெள்ளைப் பொடி பூக்கும். அந்தக் குண்டைத் துடைத்துச் சுடாதீர்கள், நசுங்கல் டப்பாவில் சேருங்கள். புதுசை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். சிலிண்டரில் காற்றை முன்கூட்டியே நிரப்பும் ரைஃபிள் என்றால் கைப்பம்பில் ஈர உறிஞ்சி வடிகட்டி இல்லாமல் 200 பார் அழுத்தத்துக்கு ஏற்றாதீர்கள், உள்ளே தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். சிலிண்டரில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அடித்திருக்கும், பத்து வருஷத்துக்கு மேல் போன பழைய சிலிண்டரை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.