மில் திவாலானால் டைரக்டருக்கும் சம்பள பாக்கி உண்டா?

மாமாங்கம்வாசி:
சேலம் பக்கத்துல ஒரு நூல்மில்லுல ப்ரொடக்‌ஷன் மேனேஜரா பத்து வருஷத்துக்கு மேல இருக்கேன். பிரைவேட் லிமிடெட் கம்பெனி, ரெண்டு டைரக்டராவது இருந்தே ஆகணும். எம்.டி.யோட தம்பி கோவிச்சுக்கிட்டு விலகினதும் அந்த இடத்துல என்னைப் போட்டாங்க. ஒரு பங்கு கூட என் பேர்ல கிடையாது, சம்பளமும் ஏறலை. காலைல ஷிப்ட் மாத்தறதுல ஆரம்பிச்சு பஞ்சு பேல் எடை போடற வரைக்கும் அதே பழைய வேலைதான். இப்ப பேங்க் என்.சி.எல்.டி.க்கு (கம்பெனி வழக்குகளைப் பார்க்கற தீர்ப்பாயம்) போய், மில் திவால் நடவடிக்கையில இருக்கு. எனக்குப் பதினோரு மாசச் சம்பளம் நிக்குது. "நீங்க டைரக்டராச்சே, உங்களுக்கு எப்படி?"னு ரெசல்யூஷன் ப்ரொஃபஷனல் (திவால் நடவடிக்கையை நடத்தறவர்) ஆபீஸ்ல இழுக்கறாங்க. தொழிலாளரும் ஊழியரும் போடற ஃபார்ம் டி-யை நான் போடலாமா?

சைடர்_ஓமலூர்:
போடக்கூடாதுங்க. நான் வேற மில்லுல ரிங் ஃபிரேம் ஓட்டினவன், அதுவும் இப்படித்தான் மூடுச்சு. கரண்ட் பில் கட்ட காசில்லாத மாசத்துலயும் டைரக்டர் மீட்டிங் நடந்துச்சு. மேல உக்காந்து முடிவெடுத்தவங்களும், நைட் ஷிப்டுல நின்னவங்களும் ஒரே வரிசையில நின்னு கை நீட்டினா அது என்ன நியாயம்?

அஸ்தம்பட்டி_ஆடிட்டர்:
ஓமலூர் அண்ணா, ஒரே வரிசைங்கறதே தப்பு. கம்பெனியைக் கலைச்சு வித்தா பணம் எப்படிப் பிரியணும்னு 2016 திவால் சட்டத்தோட 53வது பிரிவு சொல்லுது. முதல்ல நடவடிக்கைச் செலவு. அடுத்த படியில தொழிலாளர்களோட 24 மாசப் பாக்கி, தன் அடமானத்தை விட்டுக்கொடுத்த பேங்குக்குச் சமமா. மத்த ஊழியர்களோட 12 மாசப் பாக்கி அதுக்கும் கீழ் படி. மாமாங்கம் சாரோட கிளெய்ம் ஏத்துக்கப்பட்டாலும் அங்கதான் போய் நிக்கும். உங்க பங்குல ஒரு ரூபா குறையாது. பி.எஃப்., கிராஜுவிட்டி நிதியில சேர வேண்டியதை இந்தக் கூறுக்குள்ளயே கொண்டு வரக்கூடாதுன்னு 36வது பிரிவு தனியா ஒதுக்கி வெச்சிருக்கு.

டைரக்டரா இருக்கறதால மட்டும் ஒருத்தர் ஊழியர் இல்லாமப் போயிடமாட்டார். முழுநேர டைரக்டர்னா கம்பெனியில முழுநேர வேலையில இருக்கறவர்னுதான் 2013 கம்பெனிச் சட்டமே சொல்லுது. எம்.டி. வாங்கினது சம்பளம்தான்னு உச்ச நீதிமன்றம் ராம் பர்ஷாத் வழக்குல 1972லயே தீர்ப்பு சொல்லிடுச்சு.

சைடர்_ஓமலூர்:
என் பங்கு குறையாது, சரி. அந்தக் கீழ் படியில யார் நிக்கறாங்க? டைம் ஆபீஸ் கிளார்க், ஸ்டோர்ஸ் பையன், டிஸ்பாட்ச் சூப்பர்வைசர். பணம் பத்தலைன்னா அந்தப் படியில இருக்கற அத்தனை பேருக்கும் விகிதப்படிதானே பிரிப்பாங்க? எங்க மில்லுல எம்.டி. சம்சாரமும் மகனும் டைரக்டர். மில் வாசலையே மிதிக்காதவங்களுக்கு மாசம் லட்சக்கணக்குல சம்பளம்னு எழுதி வெச்சிருந்தாங்க. ஆயுத பூஜைக்கு வந்து பொரி வாங்கிட்டுப் போனதோட சரி. அவங்களும் ஊழியர்னு வந்து நின்னா, பதினாலாயிரம் வாங்கின கிளார்க்குக்கு என்னங்க மிஞ்சும்?

ஏற்காடு_மிளகு:
இது சரியான கேள்வி. நம்ம ஊர்ல பாதி பிரைவேட் லிமிடெட், குடும்ப ரேஷன் கார்டு மாதிரிதான் இருக்கு. வேலை செய்யற டைரக்டரையும் பேருக்கு இருக்கறவரையும் எதை வெச்சு ஆடிட்டர் சார் பிரிப்பாங்க?

அஸ்தம்பட்டி_ஆடிட்டர்:
காகிதத்தை வெச்சுத்தான். நியமனக் கடிதம் இருக்கா, பி.எஃப். பிடிச்சாங்களா, மாசா மாசம் பேங்க் வழியா சம்பளம் ஏறுச்சா, வருகைப் பதிவு இருக்கா. வருமான வரியைச் சம்பளக் கணக்குல பிடிச்சாங்களா, டைரக்டர் ஃபீஸ்னு பத்து சதவீதம் பிடிச்சாங்களான்னும் பாருங்க. பின்னதா இருந்தா உங்க கேஸ் ஆட்டம் காணும். வாசலை மிதிக்காத சம்சாரத்துக்கு இதுல பாதி கூடத் தேறாது.

குடும்பத்து ஆளுங்க மூடறதுக்கு முன்னாடி தங்க "பாக்கி"யை மட்டும் உருவிட்டுப் போயிருந்தா, அதுக்கு 43வது பிரிவு இருக்கு. சாதாரண ஆளுன்னா ஒரு வருஷம்தான் பின்னால போய்ப் பார்க்க முடியும். டைரக்டர், சொந்தக்காரர்னா ரெண்டு வருஷம். வழக்கமான வியாபாரப் பட்டுவாடா இல்லைன்னா திருப்பி வாங்க வழி உண்டு.

லெஸ்டர்_சேலத்தான்:
இங்க பிரிட்டன்ல இது தினசரிச் சண்டை. கம்பெனி திவாலானா அரசாங்கமே தேசிய இன்ஷூரன்ஸ் நிதியில இருந்து ஊழியருக்கு எட்டு வாரச் சம்பள பாக்கி வரைக்கும் கொடுக்கும். வாரத்துக்கு ஒரு உச்ச வரம்பு, 2025 ஏப்ரல்ல 719 பவுண்ட் ஆச்சு. டைரக்டரும் கேக்கலாம், ஊழியர்னு நிரூபிக்கணும். மொத்தப் பங்கும் கையில வெச்சிருக்கறவர் கூட ஊழியரா இருக்கலாம்னு 2009ல நியூஃபெல்ட் வழக்குல தீர்ப்பு வந்துச்சு. ஆனா வரியை மிச்சம் பிடிக்கறதுக்காக சம்பளத்தைக் கொஞ்சமா காட்டி, மீதியை டிவிடெண்டா எடுத்தவங்க மாட்டிக்கிட்டாங்க. டிவிடெண்ட் சம்பளக் கணக்குல சேராது.

சைடர்_ஓமலூர்:
உங்க ஊர்ல கவர்மென்ட் கொடுக்குது தம்பி, அதனால யாரு வாயிலயும் மண் விழாது. இங்க இருக்கறது ஒரே பானை. அந்தக் கதையை இங்க கொண்டு வராதீங்க.

மாமாங்கம் சார்கிட்ட நேராவே கேக்கறேன். உங்க மில்லுல தொழிலாளருக்கு பி.எஃப். ஒழுங்கா கட்டினாங்களா?

மாமாங்கம்வாசி:
நியமனக் கடிதம், பி.எஃப். நம்பர் எல்லாம் இருக்குங்க. பேங்குக்கு ஜாமீன் கேட்டாங்க, நான் போடலை. பி.எஃப். கடைசி ஏழெட்டு மாசம் கட்டலை, என்னுதும் சேர்த்துத்தான்.

சைடர்_ஓமலூர்:
டைரக்டரே ரெண்டு பேர்தான்னா பேலன்ஸ் ஷீட்டுல உங்க கையெழுத்தும் இருக்குமே. தொழிலாளர்கிட்ட பிடிச்ச பி.எஃப். பணம் போய்ச் சேரலைன்னு அதுலயே எழுதியிருக்கும். கையெழுத்துப் போடறப்ப டைரக்டர், காசு கேக்கறப்ப ஊழியரா?

மாமாங்கம்வாசி:
கையெழுத்து என்னுதுதான். போடலைன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம். பேங்க்ல செக் போடற அதிகாரம் எனக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. பி.எஃப். கட்டச் சொல்லி மூணு மெயில் அனுப்பியிருக்கேன். பதில் வரலை.

அஸ்தம்பட்டி_ஆடிட்டர்:
அந்த மெயில்களை இன்னிக்கே பிரிண்ட் எடுத்து வைங்க சார். சம்பளத்தை விட அதுதான் இப்ப முக்கியம். ஃபேக்டரி லைசென்ஸ்ல ஆக்குபையர் (ஃபேக்டரிக்குச் சட்டப்படி பொறுப்பாளர்), மேனேஜர்னு யார் பேர் இருக்குன்னும் பாருங்க. கம்பெனி மில்லுன்னா ஒரு டைரக்டரைத்தான் ஆக்குபையரா காட்டணும். எம்.டி. தன் பேரைத் தவிர்த்துட்டு உங்க பேரைக் கொடுத்திருந்தா, பி.எஃப். ஆபீஸ் நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும். ஓமலூர் அண்ணா கேட்டதுல எனக்கும் பாதி உடன்பாடுதான். பொறுப்பு வேற கணக்கு, கூலி வேற கணக்கு. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை அடிக்க முடியாது.

இன்னொரு விஷயம். நடவடிக்கை ஆரம்பிச்ச நாள்ல இருந்து போர்டு அதிகாரம் முடங்கிடுச்சு, 17வது பிரிவு. உங்க மேனேஜர் வேலை முடங்கலை. மில் இன்னும் ஓடி, நீங்க நிஜமாவே வேலை பார்த்துட்டிருந்தா, அந்த நாட்களுக்கான சம்பளம் நடவடிக்கைச் செலவுல, முதல் படியிலயே வரும். ஏ.பி.ஜி. ஷிப்யார்டு வழக்குல 2022ல உச்ச நீதிமன்றம் சொன்னது. சும்மா பேர் இருந்தா போதாது. அதனால பழைய பாக்கியையும் இப்போதைய சம்பளத்தையும் ஒரே தொகையா எழுதிடாதீங்க.

சைடர்_ஓமலூர்:
பாதி உடன்பாடு போதும்ங்க. அந்தக் கிளார்க்குகளுக்கும் ஃபார்ம் டி எழுதத் தெரியாது. மேனேஜர்தானே, உங்களுது போடறதுக்கு முன்னாடி அவங்களுக்கு எழுதிக் கொடுங்க.

மாமாங்கம்வாசி:
நாளைக்கு கேட்டுக்கு வெளிய டீக்கடையில உக்காந்து எழுதறதா பேசியிருக்கோம் அண்ணா. சம்பள ரிஜிஸ்டர் ஜெராக்ஸ் என்கிட்ட இருக்கு. கடைசித் தேதி தினசரி விளம்பரத்துல வந்திருக்கு, இன்னும் நாலு நாள்.