பெரிய ஆடிட் நிறுவனத்தில் வேலையோடு பட்டப்படிப்பு: முதல் ஜனவரியில் எங்கே சறுக்கும்?

கேள்வி: கணக்கியல் பட்டப்படிப்பின் பகுதியாகத் தம்பி ஜனவரியில் ஒரு பெரிய ஆடிட் நிறுவனத்தில் சேர்கிறான். முதலில் என்ன வேலை தருவார்கள்?

பதில் 1: பல கம்பெனிகள் டிசம்பர் 31-இல் கணக்கு முடிப்பதால் ஜனவரி முதல் மார்ச் வரை நெருக்கடிதான். சிங்கப்பூரில் பங்குச் சந்தைக் கம்பெனிகள் கணக்கு முடிந்த 4 மாதத்துக்குள் ஆண்டுக் கூட்டம் நடத்தியாக வேண்டும், மற்றவற்றுக்குப் பொதுவாக 6 மாதம். புதியவர் கைக்குப் பெரும்பாலும் வங்கி இருப்பும் இன்வாய்ஸ் சரிபார்ப்பும்தான் வரும்.

சறுக்குவது சரிபார்க்கும் திசையில், அதாவது எந்த ஆவணத்தில் தொடங்கி எதற்குப் போவது என்பதில். பதிவான விற்பனை நிஜமா என்று பார்க்க, லெட்ஜரில் (கணக்குப் பேரேடு) தொடங்கி டெலிவரி ஆர்டருக்கு (சரக்கு அனுப்பிய சீட்டு) போகணும். ஏதாவது விடுபட்டதா என்று பார்க்க, டெலிவரி ஆர்டரில் தொடங்கி லெட்ஜருக்கு வரணும். லெட்ஜரில் ஏறாததை லெட்ஜருக்குள் தேடினால் கிடைக்குமா?

ஆண்டு முடிவை ஒட்டிய இன்வாய்ஸ்களில் தேதியை மட்டும் பார்த்து டிக் போடக் கூடாது. சரக்கு எப்போது கைமாறியது என்பதே கணக்கு. அனுப்பும் செலவு, பொறுப்பு யாருக்கு என்ற விற்பனை நிபந்தனையையும் படிக்கச் சொல்லுங்கள்.

பதில் 2: வங்கி உறுதிக் கடிதம் (கணக்கில் இருப்பு எவ்வளவு என்று வங்கியே உறுதி செய்வது) கிளையன்ட் கைவழியாக வரக் கூடாது, ஆடிட்டரே அனுப்பி, பதிலை நேராகப் பெறணும். கம்பெனிக் கணக்கையும் வங்கி ஸ்டேட்மென்டையும் ஒத்துப்பார்க்கும் தாளில் "வரவேண்டியது" என்று நிற்கும் தொகை, ஜனவரி ஸ்டேட்மென்டில் வந்ததா பாருங்கள். பழைய தொகை அப்படியே தொங்கினால் காரணம் கேட்கணும்.

பதில் 3: ஒர்க்கிங் பேப்பரில் (செய்த சோதனையைப் பதியும் தாள்) "ஓகே" என்று எழுதினால் திரும்பி வரும். சோதித்த மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தது, ஆவண எண், தேதி, முடிவு, நாலும் இருக்கணும். தேர்வு லீவை வேலையில் சேர்ந்ததுமே மேனேஜரிடம் சொல்லிவிடட்டும்.