பிரீஆம்பும் பவர் ஆம்பும் பொருந்தாததால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிகிறதா?

கீழக்கரையிலிருந்து கேள்வி:
என் தாய்மாமா விட்டுச்சென்ற கர்நாடக இசைத் தட்டுகளை ஆறு மாதமாக வீட்டில் கேட்டு வருகிறேன். டர்ன்டேபிளில் இருப்பது 4 மில்லிவோல்ட் தரும் எம்.எம். (அசையும் காந்த) கார்ட்ரிட்ஜ், அதாவது தட்டைத் தொடும் ஊசிப் பகுதி. அதிலிருந்து அந்த மெல்லிய சிக்னலை 40 டெசிபெல் பெருக்கும் போனோ பெட்டி, பிறகு ஒலியளவைச் சரிசெய்யும் பழைய வால்வு பிரீஆம்ப், கடைசியாக ஸ்பீக்கரை இயக்கும் 50 வாட் டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப். மிருதங்கத்தின் வலந்தலை (கூர்மையான ஒலி தரும் வலப்பக்கம்) தெளிவாகக் கேட்கிறது. தொப்பியின் (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத்தின்) கும்கி என்னும் ஆழ்ந்த, வளையும் ஒலி மட்டும் எழும்பவேயில்லை. கைப்பேசியை நேராகப் பவர் ஆம்பில் இணைத்தால் அடிநாதம் நன்றாக இருக்கிறது. மெல்லிய இரைச்சலும் உண்டு. 100 வாட் ஆம்ப் வாங்கினால் தீருமா?

தொண்டியிலிருந்து பதில்:
வாங்க வேண்டாம், ஐயா. 50 வாட்டை 100 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. மெலிந்த ஒலி சற்று உரக்க மெலிந்திருக்கும், அவ்வளவுதான். 40 டெசிபெல் என்பது நூறு மடங்கு, ஆகவே 4 மில்லிவோல்ட் 0.4 வோல்ட்டாகிறது, பெருக்கத்தில் குறையில்லை. கைப்பேசிச் சோதனையால் பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் சந்தேகத்திலிருந்து நீங்கிவிட்டன. பவர் ஆம்பின் உள்ளீட்டு இம்பிடன்ஸ் (மின்தடை போன்ற எதிர்ப்பு) எவ்வளவு, பிரீஆம்பின் வெளியீட்டில் உள்ள கபாசிட்டரின் மதிப்பு என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கீழக்கரை:
உள்ளீடு 10 கிலோஓம். கபாசிட்டர் 0.22 மைக்ரோஃபாரட். பிரீஆம்பின் வெளியீட்டு இம்பிடன்ஸ் 2 கிலோஓம் என்று கையேட்டில் உள்ளது.

தொண்டி:
காரணம் அங்கேதான் இருக்கிறது: கபாசிட்டரும் அதை அடுத்த சுமையும் சேர்ந்தே எவ்வளவு தாழ்ந்த ஒலி வரை கடக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. வால்வு பிரீஆம்புகள் பெரும்பாலும் 100 கிலோஓம் உள்ளீட்டை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை; அந்தச் சுமையில் இதே கபாசிட்டர் 7 ஹெர்ட்ஸ் வரை தாராளமாகக் கடத்தும். உங்கள் இணைப்பில் உள்ளீட்டின் 10, வெளியீட்டின் 2 இரண்டும் சேர்ந்து 12 கிலோஓம் மட்டுமே ஆவதால், 60 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் குறைந்து, அதற்குக் கீழே ஒலி வேகமாகச் சரிகிறது. 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கபாசிட்டர் போட்டால் எல்லை 13 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அதைவிடப் பெரியது வேண்டாம். நம் ஊர் வெயிலில் நெளிந்த தட்டுகள் எழுப்பும் மிகத் தாழ்ந்த அசைவுகளும் உள்ளே புகுந்து ஸ்பீக்கர் கூம்பை வீணாக ஆட்டும். அந்தக் கபாசிட்டரில் நூறு வோல்ட்டுக்கு மேலும் நிற்கக்கூடும் என்பதால், பழைய கபாசிட்டரின் வோல்ட் அளவுக்குக் குறையாததை வாங்கி, வால்வுக் கருவிகளில் பழகிய மெக்கானிக்கிடமே கொடுங்கள்.

மண்டபத்திலிருந்து பதில்:
இரைச்சலைப் பற்றி ஒரு சொல். உப்புக் காற்றில் கருவிகளை இணைக்கும் கம்பிகளின் ஆர்.சி.ஏ. முனைகள் பச்சை பூத்துவிடும். நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கிறேன். டர்ன்டேபிளின் எர்த் கம்பி போனோ பெட்டியின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை மணல் காய்ந்தால் வீட்டு எர்த் குழியும் வலுவிழக்கும்; கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது அவசியம். இரைச்சல் குறைகிறதே என்று பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் ஒருபோதும் கழற்றிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

கீழக்கரை:
கபாசிட்டரை மாற்றியாயிற்று. நேற்றிரவு தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) தொடங்கியதும் தொப்பியின் கும்கி அறை முழுக்க நிறைந்தது. அதே தட்டை மூன்று முறை கேட்டேன். எர்த் திருகு தளர்ந்துதான் இருந்தது. இறுக்கியதில் இரைச்சல் பெருமளவு அடங்கிவிட்டது. எர்த் குழிக்கு இன்று மாலை தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன்.